துறைத் தலைவரின் வசனம்

கார்வுட், சஸ்காட்சுவான்
6 அக்டோபர் 1952

அன்புள்ள லைல்,

பதறாதே. அப்பா உயிரோடு இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிட்டால் மீதியை நிதானமாக எழுதலாம்.

போன வாரம் மரக்கடையில் பலகை அளந்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது கையும் காலும் வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. எங்கள் வீட்டு முன்னறையில் ஜன்னலோரமாகக் கட்டில் போட்டு வைத்திருக்கிறோம். காலையில் உன் அத்தான் ஆர்ன் ரயில் பாதை வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டுப் போகிறார். அதன்பின் நான்தான்.

பேச்சு இனி வராது என்றார் டாக்டர். சில நாள் வெறும் முனகல்தான். அப்புறம் ஒரு சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்து விளக்கை அணைக்கக் கை நீட்டினேன். "யார் அங்கே விளக்கைத் தாழ்த்துவது?" என்று ஒரு குரல். லைல், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நாம் சின்ன வயதில் மேடைக்குப் பின்னால் துணிப்பெட்டி மேல் உட்கார்ந்து கேட்போமே, அதே குரல். அப்பா நடித்த 'மூடிய துறை' நாடகத்தில் துறைமுகத்தை ஆளும் துறைத் தலைவர் பேசும் வசனம்.

மறுநாள் டாக்டர் வந்தார். "மிஸ்டர் ஹார்க்னஸ், உங்க பேரைச் சொல்லுங்க பாப்போம்?" என்றார். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்று கப்பல் ஏதும் வாராது; போய் உறங்குங்கள்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமையலறைக்குப் போனதும் அதுவே அழுகையாகிவிட்டது. அவரால் தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியவில்லை. என் பெயர் வரவில்லை. ஆனால் அந்த வசனங்கள் மட்டும் தேய்ந்த இசைத்தட்டு போல எங்கோ இருக்கின்றன. இப்படி நடப்பது உண்டு என்று டாக்டர் சொல்கிறார்.

உனக்கும் அவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு வரி எழுது. படித்துக் காட்டுகிறேன்.

உன் அக்கா
ஐவி

*

பள்ளத்தாக்கு காசநோய் சானடோரியம், மூன்றாம் வார்டு
17 அக்டோபர் 1952

அன்புள்ள ஐவி அக்கா,

என்ன எழுதுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. கோபமாக எழுதவும் முடியவில்லை. விழுந்து கிடப்பவரிடம் என்ன கோபம்?

என்னை இங்கே அனுப்பச் சுகாதார நர்ஸை வரவழைத்தது அவர்தான். அது தவறென்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வகுப்பறை நிறையப் பிள்ளைகள், உன் மகள் ரூத் முதல் வரிசையில், நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கைக்குட்டைக்குள் இருமிக்கொண்டிருந்தேன். செய்ய வேண்டியதை அவர் செய்தார். ஆனால் கார் கிளம்பும்போது வாசலில் நின்றாரே, ஒரு வார்த்தை? ஊர் ஊராக மேடையேறி முழங்கியவருக்குப் பெற்ற பிள்ளையிடம் சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. ஒன்றரை வருடமாகக் கடிதமும் இல்லை. நீ "அப்பா நலம்" என்று எழுதுவாய். அதோடு சரி.

ஒரு வேடிக்கை கேள். இங்கே புத்தக வண்டியில் 'மேல்தளம்' என்று ஒரு நாவல் வந்தது. போன வருடம்தான் அச்சாகியிருக்கிறது. எழுதியது யாரோ ஒரு பெண். நாலு பக்கம் தாண்டுவதற்குள் கண்டுபிடித்துவிட்டேன், நம் 'மூடிய துறை'தான். முந்நூறு வருடத்து நாடகத்தை இந்தக் காலத்துக்கு இழுத்து வந்திருக்கிறாள். கொள்ளைநோய்க்குப் பயந்து துறைமுகத்தை மூடுகிற தலைவர், அவருடைய மகன் இருக்கும் கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்பது, எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் நாடகம் கரையை விட்டு நகராது. மகனைக் கண்ணிலேயே காட்டாது. அவன் சொல்லி அனுப்புவதைப் படகோட்டி வந்து சொல்வான், அவ்வளவுதான். இவளோ போய்க் கப்பலுக்குள் உட்கார்ந்துகொண்டாள். நோயாளிகள், இருமல், கஞ்சி, சீட்டாட்டம்! எங்கள் வார்டை ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதியது போல இருக்கிறது.

பக்கத்துக் கட்டில் ஸ்டெஃபானுக்கு எழுத்து வாசிக்க வராது. சத்தமாகப் படிக்கச் சொல்லி உயிரை எடுக்கிறான். "வாத்தியாரே, அந்தப் பய கடல்ல குதிச்சானா இல்லையா? அதை மட்டும் சொல்லிட்டுத் தூங்கு" என்கிறான்.

அப்பாவின் பழைய நாடகப் பிரதி உன்னிடம்தானே இருக்கிறது? எடுத்துப் பார். அவர் எந்த வசனம் சொல்கிறார், அதற்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

லைல்

*

கார்வுட்
9 நவம்பர் 1952

அன்புள்ள லைல்,

சும்மா தெரிந்துகொள்ளத்தானா? சரி, அப்படியே இருக்கட்டும்.

பிரதியை எடுத்துக் கட்டிலருகே வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் நாடகம் படித்ததே இல்லை. மேடையில் கேட்கும்போது எல்லாம் பெரிதாக இருந்தது. தாளில் பார்த்தால் ஆள் பெயர், பக்கத்தில் பேச்சு, அவ்வளவுதான். பேசாமல் நிற்பவன் மனசில் என்ன ஓடுகிறது என்று ஒரு வரி இல்லை. அப்பாவைப் போலவே இருக்கிறது.

இப்போது அவர் அடிக்கடி சொல்வது மூன்றாம் அங்கத்தில் வருவது: "எண்ணிச் சொல்லுங்கள், இன்னும் எத்தனை விளக்கு எரிகிறது?" ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். நாடகத்தில் அவர் கேட்பது மகனுடைய கப்பலின் விளக்குகளை. ஆள் சாகச்சாக அந்த விளக்குகள் குறையும். ரூத்துக்கு அதெல்லாம் தெரியாது. எதிர்த் தெருவைப் பார்த்துவிட்டு, "ஆறு, தாத்தா" என்கிறாள். உடனே அவர் முகம் தெளிந்துவிடுகிறது.

உன்னைத்தான் கேட்கிறார் என்று நான் நினைத்தேன். ஆர்னிடம் சொன்னேன். "அவரு பாட்டுக்கு ஏதோ சொல்றாரு. நீ ஏன் அதுக்கு அர்த்தம் கண்டுபிடிச்சு மண்டையைக் குழப்பிக்கிற?" என்றார். டாக்டரும் அதையேதான் சொல்கிறார். அவர்கள் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். காலையில் முகம் துடைத்துவிடும்போதும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

நீ கேட்டாயே, ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று. அன்றைக்குக் கார் போன பிறகு அவர் வீட்டுக்குள் வரவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. உன்னிடம் இதைச் சொல்லவே கூடாது என்றார், அதனால் சொல்லவில்லை. இப்போது அவரால் என்னைத் திட்ட முடியாது.

நாவல் படிக்க எனக்கு நேரம் இல்லை. குதித்தானா இல்லையா என்று ஸ்டெஃபானுக்குச் சொல்லும்போது எனக்கும் எழுது.

ஐவி

*

சானடோரியம்
24 நவம்பர் 1952

ஐவி அக்கா,

குதிக்கவில்லை. ஸ்டெஃபானுக்கு அதில் பெரிய வருத்தம். "இத்தனை பக்கம் படிச்சும் ஒருத்தனும் ஒண்ணும் செய்யல. எல்லாம் படுத்துக்கிட்டே யோசிக்கிறானுங்க. இதுக்கு நம்ம வார்டே தேவலை" என்று திட்டினான்.

நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். வீட்டுக்குள் வரவில்லை என்பதை.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். இடது பக்கத்து ஓட்டை மூடவில்லை. ஜனவரியில் விலா எலும்புகளை எடுத்து நுரையீரலை அமுக்கப் போகிறார்களாம். ஒரே தடவையில் முடியாது, இரண்டு தடவை. பயப்படாதே என்று எழுதத்தான் நினைத்தேன். பயமாகத்தான் இருக்கிறது.

ஒன்று தோன்றுகிறது. அவருக்குச் சொந்தமாகப் பேச்சு வரவில்லை, ஆனால் வசனம் வருகிறது. மேடையில் வசனம் தானாக வராது. எதிராளி தன் பேச்சை முடித்தால் இவருடையது கிளம்பும். நாலாம் அங்கத்தில் மகன் சொல்லியனுப்பியதைப் படகோட்டி வந்து சொல்கிறான் அல்லவா? "ஐயா, உங்கள் மகன் கேட்கிறான்: குற்றம் என்ன செய்தேன், கோபமா, இல்லை கடமையா?" அதை நீ அவர் முன்னால் உட்கார்ந்து படி. ஆனால் படகோட்டியாகப் படிக்காதே. லைல் கேட்கிறான் என்று முதலில் என் பெயரைச் சொல்லிவிட்டுப் படி. என்ன சொல்கிறார் என்று எழுது.

பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிகிறது. வேறு வழி தெரியவில்லை, அக்கா. எனக்கு இந்தப் படுக்கையை விட்டுக் கழிப்பறைவரைகூட நடக்க அனுமதி இல்லை.

லைல்

*

கார்வுட்
8 டிசம்பர் 1952

அன்புள்ள லைல்,

நீ சொன்னபடி செய்தேன். செய்திருக்கக் கூடாது.

ஞாயிறு மத்தியானம், ஆர்னும் ரூத்தும் பனிச்சறுக்குக்குப் போயிருந்தார்கள். அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். "அப்பா, லைல் கேக்கறான்" என்றேன். உன் பெயரைக் கேட்டதும் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பலம் அந்தக் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் படித்தேன். குற்றம் என்ன செய்தேன், கோபமா, இல்லை கடமையா?

அவர் வாய் திறந்தது. என்னவோ சொல்லப் போகிறார், அவருடைய சொந்தப் பேச்சு வரப்போகிறது என்று நினைத்தேன். உதடு அப்படித் துடித்தது. ஆனால் வந்தது நாடகத்தில் இருப்பதுதான். உனக்கும் தெரியும் என்ன வரும் என்று. நாம் இரண்டு பேரும் அதை எப்படி மறந்தோம்?

"அந்தக் குரலை நான் அறியேன். படகைத் திருப்பு."

சொல்லிவிட்டு அவர் தலையை ஆட்டினார், இல்லை இல்லை என்று. மறுபடி முயன்றார். மறுபடியும் அதேதான் வந்தது. மூன்றாவது தடவையும். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாய் மட்டும் படகைத் திருப்பு, படகைத் திருப்பு என்கிறது. நான் அவர் வாயைப் பொத்தினேன், லைல். அப்பாவின் வாயை என் கையால் பொத்தினேன்.

அதற்குப் பிறகு அவர் எந்த வசனமும் சொல்லவில்லை. விளக்கை அணைத்தாலும் சும்மா இருக்கிறார். ரூத் தானாகவே "ஆறு, தாத்தா" என்று சொல்லிப் பார்க்கிறாள்.

இனிமேல் இப்படி எதுவும் கேட்காதே.

ஐவி

*

சானடோரியம்
22 டிசம்பர் 1952

ஐவி அக்கா,

மன்னித்துவிடு. அவரிடமும் சொல். வசனமாக இல்லாமல் சும்மா சொல்.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த இடத்தில் நாடகம் அவருக்குக் கொடுத்தது அந்த ஒரு பதில்தான். எழுதியவன் செத்து முந்நூறு வருடமாகிறது. வேறு பதில் எழுதித் தா என்று போய்க் கேட்க முடியாது. நாவல்காரி அந்த இடத்துக்கு வந்ததும் பொறுக்கமாட்டாமல் கிழவரை வேறு மாதிரிப் பேச வைத்திருக்கிறாள். ரொம்ப நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்டெஃபான்கூட மூக்கை உறிஞ்சினான். எனக்கு மட்டும் எரிச்சலாக வந்தது. நிஜத்தில் கிழவர்கள் அப்படிப் பேசுவதில்லை என்று புத்தகத்தை மூடிவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்து அந்தப் பக்கத்தை மட்டும் படித்தேன்.

ஜனவரி பன்னிரண்டாம் தேதி முதல் அறுவை. முழுசாக மயக்கமாட்டார்களாம், மரத்துப்போக ஊசி மட்டும். எலும்பு வெட்டுகிற சத்தம் கேட்கும் என்று போன மாதம் போய்வந்தவன் சொன்னான். "அவன் கதை விடுறான் வாத்தியாரே, மாட்டாஸ்பத்திரியிலதான் அப்படி" என்கிறான் ஸ்டெஃபான்.

ரூத்துக்கும் ஆர்னுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து.

லைல்

*

கார்வுட்
19 ஜனவரி 1953

அன்புள்ள லைல்,

அறுவை நல்லபடியாக முடிந்தது என்று தலைமை டாக்டர் எழுதியிருந்தார். நிம்மதி. அசையாமல் படு, கொடுப்பதைச் சாப்பிடு.

இங்கே எல்லோரும் நலம். பனி ஜன்னல் பாதிவரை ஏறிவிட்டது. ரூத்துக்கு முன்பல் விழுந்துவிட்டது. நான் ரொட்டி, பீன்ஸ் என்று செய்ததையே செய்துகொண்டிருக்கிறேன்.

அப்பா மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார். உனக்கு எழுத வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். நேற்று உன் போட்டோவைக் காட்டினேன். நீ வாத்தியார் வேலையில் சேர்ந்த அன்று எடுத்தது. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "உன்னை நான் வெளியே நிறுத்தினேன், அன்றிலிருந்து நானும் உள்ளே போகவில்லை" என்றார். தெளிவாகச் சொன்னார். இது நாடகத்தில் எந்த அங்கத்தில் வருகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கே வந்தால் என்ன, உன்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

சீக்கிரம் தேறு.

ஐவி

*

சானடோரியம்
6 பிப்ரவரி 1953

அக்கா,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

அது நாடகத்தில் இல்லை. தேட வேண்டாம். நாவலில் கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் இருக்கிறது. நான் மறுபடி எடுத்துப் படித்ததாக எழுதினேனே, அதே பக்கம். சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், "அன்றிலிருந்து" என்ற சொல் மட்டும் நீ சேர்த்தது.

இப்போதுதான் வந்த நாவல் அப்பாவுக்கு மனப்பாடமாகியிருக்க முடியாது. நேரமில்லை என்று சொன்ன நீதான் எங்கிருந்தோ வரவழைத்துப் படித்திருக்கிறாய். ஏன் படித்தாய் என்று யோசித்தேன். ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது.

எப்போது, அக்கா?

லைல்

*

கார்வுட்
12 பிப்ரவரி 1953

லைல்,

ஜனவரி ஏழாம் தேதி.

உன் அறுவைக்கு முன்னால் உன்னிடம் எதையும் சொல்லக் கூடாது என்று தலைமை டாக்டர் போனில் சொன்னார். முடிந்த பிறகும், இரண்டாவது அறுவைவரை பொறுங்கள் என்றார். "உங்க தம்பி மூச்சு விடறதே இப்ப பெரிய வேலை. அழவெச்சுடாதீங்க" என்றார். அதற்குமேல் நான் என்ன சொல்வது? சரி என்றேன். எழுதாமல் இருந்தால் உனக்குச் சந்தேகம் வரும், எழுதினால் பொய் எழுத வேண்டும். நாடகத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை தேடிப் பார்த்தேன், உனக்கு அனுப்புகிற மாதிரித் துறைத் தலைவருக்கு ஒரு நல்ல வார்த்தையாவது இருக்கிறதா என்று. இல்லை. அதனால்தான் மாகாண நூலகத்துக்கு எழுதி நாவலைத் தபாலில் வாங்கினேன்.

கடைசியில் என்ன சொன்னார் என்று நீ கேட்பாய். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒரு சொல்கூட வரவில்லை. அவர் போன அன்று நான் கொட்டகையில் நிலக்கரி அள்ளிக்கொண்டிருந்தேன். வாளியோடு உள்ளே வந்தபோது முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. தூங்குகிறார் என்று அடுப்பில் கரி போட்டு, கஞ்சி வைத்து, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்த்தான் தொட்டுப் பார்த்தேன்.

நிலம் இரும்பாக உறைந்திருக்கிறது. தோண்ட முடியாது. கல்லறைத் தோட்டத்துக் கொட்டகையில் பெட்டியை வைத்திருக்கிறார்கள். மே மாதம்தான் அடக்கம். அதுவரை, அவர் இருக்கிறாரா போய்விட்டாரா என்று எனக்கே சில நேரம் குழம்பிவிடுகிறது. தினமும் அந்த வழியாகத்தான் கடைக்குப் போகிறேன்.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

ஐவி

*

சானடோரியம்
2 ஏப்ரல் 1953

அன்புள்ள அக்கா,

திட்ட மனம் வரவில்லை. எழுதவும் வரவில்லை, அதனால்தான் இத்தனை நாள்.

இரண்டாவது அறுவையும் ஆயிற்று. இடது தோள் சரிந்துவிட்டது, கண்ணாடியில் வேறு யாரோ நிற்கிறார்கள். மே மாதம் ஒருநாள் என்னை அனுப்பச் சொல்லித் தலைமை டாக்டரிடம் கேட்டேன். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "உன்னை உட்கார வைக்கவே ஜூன் ஆகும்பா" என்றார். மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டார்.

நீ அனுப்பிய அந்தப் பொய்யைக் கிழிக்கவில்லை. பொய் என்று தெரிந்த பிறகும் அது அப்பாவின் குரலில்தான் கேட்கிறது. என்ன செய்வது?

அடக்கத்தில் நாடகத்திலிருந்து எதையும் படிக்க வேண்டாம். நாவலிலிருந்தும் வேண்டாம்.

லைல்

*

கார்வுட்
18 மே 1953

அன்புள்ள லைல்,

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அடக்கம் செய்தோம். அம்மாவுக்குப் பக்கத்தில். மண் ஈரமாக இருந்தது, காற்று தொப்பிகளைப் பறித்துக்கொண்டு போனது. மரக்கடைக்காரர்கள் வந்திருந்தார்கள். பழைய நாடகக் குழுவிலிருந்து ஒரே ஒருத்தர், படகோட்டியாக நடித்தவர், பஸ் பிடித்து வந்தார். பாதிரியார் ஜெபம் முடித்துவிட்டு, "குடும்பத்துல யாராவது ரெண்டு வார்த்தை பேசுறீங்களா?" என்று என்னைப் பார்த்தார். நீ சொன்னது போல நான் எதையும் எடுத்துப் போகவில்லை. வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் ஆர்ன்தான், "சரி, மழை வர்ற மாதிரி இருக்கு, மண்ணைத் தள்ளிடலாம்" என்றார்.

அந்த நேரத்தில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? அதை மட்டும் எழுது.

ஐவி

*

சானடோரியம்
26 மே 1953

அன்புள்ள அக்கா,

மத்தியானம் இரண்டு மணி எங்களுக்கு ஓய்வு நேரம். படிக்கக் கூடாது, பேசக் கூடாது, நேராகப் படுத்துக் கூரையைப் பார்க்க வேண்டும். ஸ்டெஃபானிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். அவன் தன் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் வந்ததும் கையை உயர்த்திக் காட்டினான்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நாடகத்தில் மகனுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. நாவலில் அவனுக்கு அத்தியாயம் அத்தியாயமாக இருக்கிறது. ஆனால் எதுவும் நினைவுக்கு வரவில்லை. "அப்பா" என்றேன். மனசுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். இந்த மார்புக்கூட்டில் எது உள்ளே, எது வெளியே என்று இப்போது எனக்குச் சரியாகத் தெரிவதில்லை. சத்தமாக வந்துவிட்டது போலிருக்கிறது.

நர்ஸ் மிஸ் பெட்ரியக் கதவருகே வந்து நின்றாள். "யார் அது பேசினது?"

இருபது கட்டில்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

உன் தம்பி
லைல்